கேஷ்மியர் கார்டிகன்: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

கேஷ்மியர் செம்மறியாட்டுக் கம்பளி அல்ல, வெள்ளாட்டின் அடிமயிர். மங்கோலியா, சீனாவின் உள் மங்கோலியா, லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் வாழும் வெள்ளாடுகளுக்கு மயிர் இரண்டு அடுக்காக வளர்கிறது. வெளியே தெரிவது நீண்ட முரட்டு மயிர். பனியையும் காற்றையும் தடுப்பது அதன் வேலை. அதற்கு அடியில், தோலை ஒட்டி, குளிர்காலத்துக்கென்றே முளைப்பது பஞ்சு போன்ற மென்மயிர். வசந்தம் வந்ததும் அது தானாகவே உதிரத் தொடங்கும். அப்போது மங்கோலிய மேய்ப்பர்கள் ஆட்டைப் படுக்க வைத்து, கம்பிப் பற்கள் கொண்ட சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஈரானிலும் ஆஸ்திரேலியாவிலும் மொத்தமாகக் கத்தரித்துவிட்டுப் பிறகு பிரிக்கிறார்கள். அழுக்கும் முரட்டு மயிரும் போக, ஓர் ஆட்டிடமிருந்து ஓராண்டுக்குத் தேறுவது பெரும்பாலும் 150 முதல் 200 கிராம். ஒரு மெரினோ செம்மறியோ ஆண்டுக்கு நான்கைந்து கிலோ கம்பளி தருகிறது. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் இங்கிருந்தே தொடங்குகிறது.

நடுத்தர அளவுள்ள மெல்லிய கார்டிகன் ஒன்றின் எடை 250 முதல் 300 கிராம் வரை இருக்கும். நூற்பிலும் பின்னலிலும் வீணாவதைச் சேர்த்தால் சுமார் 350 கிராம் இழை வேண்டும். அதாவது இரண்டு ஆடுகளின் ஓராண்டு விளைச்சல். கனத்த பின்னலென்றால் மூன்று, நான்கு ஆடுகள். சுத்தம் செய்த நல்ல வெள்ளை இழை சர்வதேசச் சந்தையில் கிலோ 100 டாலரை ஒட்டி ஏறி இறங்கி வந்திருக்கிறது. அந்தக் கணக்கில், நூற்பதற்கு முன்பே ஒரு கார்டிகனுக்குள் ஏறத்தாழ 35 டாலர் பெறுமான இழை போய்விடுகிறது. அதற்கு மேல் நூற்பு, சாயம், பின்னல், காஜா, பொத்தான், கப்பல் கூலி, கடை வாடகை, லாபம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். 60 டாலருக்குப் புதிய ‘நூறு சதவீத கேஷ்மியர்’ கார்டிகன் கிடைக்கிறதென்றால் இழையில் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். 1,500 டாலர் கேட்டால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆட்டைச் சேர்ந்ததல்ல.

இழையின் தரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நுண்மை, நீளம், நிறம். நுண்மையை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். நல்ல கேஷ்மியர் 14 முதல் 16 மைக்ரான். லடாக் சாங்தாங்கி ஆட்டின் மயிர் 12 முதல் 15 வரை இறங்கும். அமெரிக்காவின் கம்பளிப் பொருட்கள் முத்திரைச் சட்டப்படி, சராசரி விட்டம் 19 மைக்ரானைத் தாண்டினால் அதைக் கேஷ்மியர் என்று விற்கக்கூடாது. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட முரட்டு மயிர் எடையில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சட்டத்தின் வாசல் அகலமானது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 14.5 மைக்ரான் இழையும் 18.5 மைக்ரான் இழையும் முத்திரையில் ஒன்றேதான், ‘நூறு சதவீத கேஷ்மியர்’. கழுத்தில் உராயும்போது மட்டும் வித்தியாசம் தெரியும்.

விற்பவர்கள் எப்போதும் பேசுவது மைக்ரானைப் பற்றி. வாங்குபவர் கவலைப்பட வேண்டியது நீளத்தைப் பற்றி. முப்பத்தைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள இழை முறுக்குக்குள் நன்றாகப் பிடிபட்டு நிற்கும். இருபத்தைந்து மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டிழைகளின் நுனிகள் நூலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, உராய்வு படும் இடமெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். அக்குள், இடுப்பின் இருபுறம், கைப்பை வார் படும் தோள், மேசையில் ஊன்றும் முன்கை ஆகியவை முதலில் கெடும். முத்திரையில் இழையின் நீளத்தை எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ‘கிரேடு ஏ’ என்ற வாசகத்துக்கும் அமெரிக்க, ஐரோப்பிய முத்திரைச் சட்டங்களில் வரையறை கிடையாது. அது கடைக்காரரின் சொல். நிறத்தில் வெள்ளைக்கே விலை அதிகம், ஏனென்றால் எந்த வெளிர் சாயத்தையும் அது நேராக ஏற்கும். பழுப்பு இழையை வெளிர் நிறமாக்க வேண்டுமானால் முதலில் வெளுக்க வேண்டும். வெளுக்கும் ரசாயனம் இழையைப் பலவீனமாக்கும். மலிவான கடையில் வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் தொங்குவதைவிட, அதே கடையின் ஒட்டக நிறமோ அடர் சாம்பலோ பாதுகாப்பான தேர்வு என்று சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

இந்த இழையிலிருந்து கார்டிகன் பின்னுவது பழைய வழக்கமில்லை. நூற்றாண்டுகளாக இது சால்வைக்கான இழை. சாங்தாங்கில் சாங்பா மேய்ப்பர்கள் சேகரித்த மயிர் லே வழியாக ஸ்ரீநகர் போய், பெண்களின் கையால் முரட்டு மயிர் நீக்கப்பட்டு, ராட்டையில் நூலாகி, தறியில் சால்வையானது. அந்தச் சால்வை எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு 1846-ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கை சாட்சி: காஷ்மீரைப் பெற்ற மகாராஜா குலாப் சிங் பிரிட்டிஷாருக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய கப்பம் ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று ஜோடி காஷ்மீர் சால்வைகள். மென்மயிரையும் முரட்டு மயிரையும் கையால் பிரிக்கும் வேலையே உற்பத்தியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசப் டாசன் அதை இயந்திரத்தால் செய்யும் வழியைக் கண்டார். அதன்பிறகு ஸ்காட்லாந்தின் ஹாயிக் நகரப் பின்னலாடைத் தொழிலும், கின்ராஸ், எல்ஜின் நகரங்களின் ஆலைகளும், பின்னர் இத்தாலியின் ஆலைகளும் கேஷ்மியர் ஸ்வெட்டரை உலகுக்குப் பழக்கின. இன்று மூல இழையில் பெரும்பங்கு சீனாவுடையது, அடுத்தது மங்கோலியா. லடாக்கின் விளைச்சல் ஆண்டுக்குச் சுமார் 50 டன். உலக உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே, லண்டன் கடையில் தொங்கும் கார்டிகனில் காஷ்மீர் மயிர் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்காட்லாந்து, இத்தாலி என்று முத்திரையில் இருந்தால் அது நூற்ற இடத்தையோ பின்னிய இடத்தையோ குறிக்கும். ஆடு மேய்ந்த இடத்தை அல்ல.

ஆலையில் நடப்பவை விலையை இன்னும் பிரிக்கின்றன. பொதுவாகக் கார்டிகனுக்கு இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து முறுக்கிய இருபுரி நூலைப் பயன்படுத்துகிறார்கள். ஒற்றைப் புரியில் பின்னினால் நூல் மிச்சம். ஆனால் பின்னல் ஒரு பக்கமாகக் கோணும், ஓட்டையும் சீக்கிரம் விழும். அடுத்தது பின்னலின் நெருக்கம். ஒரே அளவு கார்டிகனை 300 கிராம் நூலிலும் பின்னலாம், தளர்த்தி 200 கிராமிலும் பின்னலாம். மூன்றில் ஒரு பங்கு இழை மிச்சமாவதால் மலிவுக் கடைகள் செய்யும் முதல் சிக்கனம் இதுதான். மூன்றாவது, வெட்டும் முறை. திருப்பூர் பனியன் துணிபோல முழுத் துணியாகப் பின்னி, பிறகு வெட்டித் தைப்பது ஒரு வழி. உடலின் வடிவத்துக்கேற்பக் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு பாகத்தையும் அளவாகவே பின்னி, கண்ணிக்குக் கண்ணி கோத்து இணைப்பது மற்றொரு வழி. இரண்டாவதில் வெட்டுமுனையே இல்லாததால் தையல் ஓரம் பிரியாது, தடிப்பாகவும் உறுத்தாது. நல்ல கேஷ்மியர் கார்டிகன் பெரும்பாலும் இரண்டாம் வகை. அக்குள் பக்கம் சாய்வாக ஓடும் சின்னக் கண்ணித் தடங்களைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

கடைசியாக வருவது கழுவல். பின்னி முடித்த கார்டிகன் ஆரம்பத்தில் சற்று விறைப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அதைத் தண்ணீரில் அலசிச் சுழற்றும்போது நுண்ணிழைகள் மேலெழும்பிப் பஞ்சு போர்த்தியதுபோல ஆகும். அளவாகச் செய்தால் அழகு. அதிகமாகச் செய்தால் கடையில் தொட்டவுடன் மனம் உருகும். வீட்டுக்கு வந்து பத்து முறை போட்டால் உருண்டை திரண்டு நிற்கும். மேலே எழும்பிய இழைகளெல்லாம் நூலின் உடம்பிலிருந்து பிடுங்கப்பட்டவைதானே. பழைய ஸ்காட்லாந்து ஆலைகள் கழுவலைக் குறைத்தே வைத்தன. அவற்றின் கார்டிகன் வாங்கும்போது கொஞ்சம் உறுதியாகவும், அணிய அணிய மென்மையாகவும் மாறுவது இதனால்தான். கேஷ்மியர் வாங்குபவர்கள் எல்லோரும் செய்யும் முதல் சோதனை தொட்டுப் பார்ப்பது. அது மிக எளிதாக ஏமாற்றக்கூடிய சோதனையும்கூட.

தொடுவதைவிட நம்பகமான வழிகள் உண்டு. ஐந்து நிமிடம் போதும். கார்டிகனின் முதுகுப் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நெருங்கிய பின்னலில் வெளிச்சம் மங்கலாகவே கசியும். கடையின் மறுபக்கம் தெரிந்தால் நூலில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கைமுனைப் பட்டியை இரண்டு விரலால் விரித்து விட்டால் பழைய அளவுக்குச் சட்டென்று திரும்ப வேண்டும். தளர்ந்து நின்றால் பத்தாவது துவையலுக்குள் கைமுனை மணிபோல விரிந்துவிடும். உள்ளங்கையால் ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து முறை தேய்த்துப் பார்க்கலாம்; அதற்குள்ளேயே இழை சுருளத் தொடங்கினால் வைத்துவிட வேண்டியதுதான். பிறகு கார்டிகனுக்கே உரிய இடம், பொத்தான் பட்டி. ஸ்வெட்டருக்கு இல்லாத சோதனை இது. நாள்தோறும் இழுபடும் பகுதி அது என்பதால் அங்கே பின்னல் இரட்டையாகவோ, உள்ளே நாடா வைத்தோ இருக்க வேண்டும். பட்டியைப் பூட்டி, முன்பக்கம் நேராகத் தொங்குகிறதா, பொத்தான்களுக்கு இடையே வாய் பிளக்கிறதா என்று பார்க்க வேண்டும். காஜாவின் ஓரம் நெருக்கமாகத் தைத்திருக்க வேண்டும். ஒரு நூல் இப்போதே தொங்கினால் ஒரு வருடத்தில் காஜா கிழிசலாகிவிடும். பையிருந்தால் அதன் வாயையும் இழுத்துப் பார்ப்பது நல்லது. செல்போனை வைக்கும் ஆசை வந்தால் எந்த விலைக் கார்டிகனும் தொங்கிப் போகும். உள்ளே ஒரு சின்ன உறையில் மாற்றுப் பொத்தானும் அதே நூலில் ஒரு கண்டும் தைத்திருந்தால், செய்தவர் அது பழுது பார்க்கப்படும் என்று நம்பியிருக்கிறார் என்று பொருள்.

போலி வேறு விஷயம். செம்மறிக் கம்பளி, மாட்டின் உறவான யாக்கின் மென்மயிர், மறுசுழற்சி செய்த கம்பளி ஆகியவற்றைக் கலந்து முழுக் கேஷ்மியர் என்று விற்பது நீண்ட நாள் நோய். வீட்டில் செய்யும் தீச்சோதனைக்குப் பாதிப் பயன்தான் உண்டு. நூலின் ஒரு துண்டைக் கொளுத்தும்போது முடி கருகும் வாசனையும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் அது விலங்கு மயிர். உருகிக் கெட்டியான மணியானால் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். ஆனால் செம்மறியா வெள்ளாடா என்று நெருப்பு சொல்லாது. அதற்கு நுண்ணோக்கி வேண்டும்: கேஷ்மியர் இழையின் மேலுள்ள செதில்கள் மெலிந்து, இடைவெளி விட்டிருக்கும், கம்பளியில் தடித்து நெருங்கியிருக்கும். ஸ்ரீநகரில் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்து காட்டும் மோதிரச் சோதனை, அதாவது சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்து உருவுவது, வேடிக்கைக்கு நல்லது. மெல்லிய விஸ்கோஸ் சால்வையும் அதே மோதிரத்துக்குள் போகும். உண்மையான காஷ்மீர் பஷ்மினாவுக்கு, அதாவது மேலே சொன்ன ஸ்ரீநகர்ச் சால்வைக்கு, 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்படி சோதித்து முத்திரையிட்ட சால்வைகள் கிடைக்கின்றன. அந்தக் குறியீடு கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்ததற்கே பொருந்தும் என்பதால், இயந்திரத்தில் பின்னிய கார்டிகனில் ‘காஷ்மீர் பஷ்மினா’ என்று எழுதியிருந்தால் சந்தேகிக்கலாம். ஊட்டியின் திபெத்தியர் சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக். அவற்றை விற்பவர்களும் வேறு எதுவென்று சொல்லி விற்பதில்லை. அந்த விலைக்கு அவை நியாயமான பொருள்.

விலைத் தட்டுகளைப் பார்த்தால் நிலைமை இப்படி. யுனிக்லோ போன்ற பெருங்கடைகளில் கேஷ்மியர் பின்னலாடை சுமார் 100 டாலருக்கு, ரூபாயில் எட்டாயிரத்துக்கு மேல், கிடைக்கிறது. பெரும் அளவில் வாங்கும் வசதியால் அவர்கள் கேஷ்மியரைத்தான் தருகிறார்கள். ஆனால் மெல்லியது, இழை நடுத்தரம். ஸ்காட்லாந்தின் அல்லது இத்தாலியின் நல்ல நூலில் நெருங்கப் பின்னிய கார்டிகன் 300 முதல் 500 டாலருக்குள் வருகிறது. லோரோ பியானா, புருனெல்லோ குச்சினெல்லி போன்ற பெயர்களில் ஆயிரம் டாலரைத் தாண்டிப் பல ஆயிரங்கள் வரை போகிறது. முதல் தட்டிலிருந்து இரண்டாவதற்கு ஏறும்போது கூடுதலாகக் கொடுக்கும் பணம் இழையின் நீளத்துக்கும் எடைக்கும் தையலுக்கும் போகிறது. அது கண்ணால் பார்க்கக்கூடிய, ஆண்டுக் கணக்கில் உழைக்கக்கூடிய வித்தியாசம். இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது இழை இன்னும் கொஞ்சம் மேம்படலாம். எடுத்துக்காட்டாக, லோரோ பியானா குட்டி ஆட்டின் முதல் வாரலில் கிடைக்கும் மயிரிலிருந்து தனி வகையே செய்கிறது. ஒரு குட்டியிடம் அது சில பத்து கிராம்தான் தேறும். ஆனால் அந்தத் தட்டில் விற்கும் எல்லாமே அந்த இழையல்ல. வடிவமைப்பு, கடையின் முகவரி, பெயரின் கௌரவம் ஆகியவற்றுக்குத்தான் பெரும்பணம் போகிறது. அவற்றை விரும்பி வாங்குபவரை யாரும் குறை சொல்ல முடியாது. ‘அதிகம் கொடுத்தால் அதிக நாள் வரும்’ என்று எண்ணி வாங்குபவர் மட்டும் அங்கே ஏமாறுகிறார். இன்னும் சொன்னால், மிகமிக நுண்ணிய இழையில் செய்த மெல்லிய கார்டிகன் நடுத்தட்டுக் கார்டிகனைவிடச் சீக்கிரம் தேயும்.

வெப்பத்தைப் பற்றி மிகைப்படுத்தல் நிறைய உண்டு. ‘கம்பளியைவிட எட்டு மடங்கு வெப்பம்’ என்று விளம்பரங்கள் சொல்லும். எந்தக் கம்பளி, என்ன கனம், எப்படி அளந்தார்கள் என்று சொல்லாது. ஆடை உடலுக்கு வெப்பம் தருவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறாமல் இழைகளுக்கிடையே காற்றைச் சிறை வைக்கிறது. நுண்ணிய இழை குறைந்த எடையில் அதிகக் காற்றைப் பிடிக்கும் என்பதால் கேஷ்மியர் எடைக்கு எடை கதகதப்பானது. அதன் உண்மையான பலமும் அதுதான்: கோட்டுக்குள் புடைக்காமல் அடங்கும், கழுத்தில் உறுத்தாது. ஆனால் பின்னலாடைக்குள் காற்று தாராளமாகப் புகும். டொராண்டோவின் ஜனவரியில் மைனஸ் பதினைந்தில் தெருவில் நடக்க அது உதவாது. மேலே காற்றுப்புகாத கோட்டு வேண்டும். கார்டிகனின் இடம் அந்தக் கோட்டுக்கு உள்ளே, அலுவலகத்தில், ரயிலில், சூடேற்றிய வீட்டில்.

தகுமா என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். 25,000 ரூபாய்க்கு வாங்கிய கார்டிகனை ஒருவர் குளிர்காலத்துக்கு 60 நாள் வீதம் எட்டுக் குளிர்காலம் அணிந்தால் 480 முறை. ஒரு முறைக்கு 52 ரூபாய். 8,000 ரூபாய்க்கு வாங்கியது இரண்டு குளிர்காலத்தில் நைந்து போனால் 120 முறை. ஒரு முறைக்கு 67 ரூபாய். லண்டனிலோ டொராண்டோவிலோ வசிப்பவருக்கு நடுத்தட்டு கார்டிகன் மலிவாகிவிடுகிறது. அதே 25,000 ரூபாய்க் கார்டிகனைச் சென்னையில் வசிப்பவர் வாங்கி, ஆண்டுக்கு ஒரு கொடைக்கானல் பயணத்தில் நான்கு நாள் போட்டு, ஐந்தாவது ஆண்டில் அந்துப்பூச்சிக்குக் கொடுத்தால் ஒரு முறைக்கு 1,250 ரூபாய். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் என்பது உண்மைதான். அங்கேயே குடியிருப்பவருக்குக் கணக்கு மாறும். ஏ.சி. அலுவலகத்துக்குக் கார்டிகன் வேண்டும் என்பவருக்கு மெல்லிய மெரினோவே பொருத்தம். 17, 18 மைக்ரான் மெரினோ இழை நீளமானது, உருண்டை குறைவாகவே திரளும், பல வகைகளை இயந்திரத்திலேயே துவைக்கலாம், விலை மூன்றில் ஒரு பங்கு. கேஷ்மியரின் மேகம்போன்ற மென்மை மட்டும் அதில் வராது. அந்த மென்மைக்குத்தான் பணமா, கதகதப்புக்கா என்று வாங்குபவர் தனக்குள் கேட்டுக்கொண்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

மீதிப் பாதி பராமரிப்பில் இருக்கிறது. இதில் சோம்பல்படுபவர் எந்த விலையிலும் கேஷ்மியர் வாங்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் துவைக்கத் தேவையில்லை. சட்டைக்கு மேலே போடும் கார்டிகனை ஐந்தாறு முறைக்கு ஒருமுறை துவைத்தால் போதும்; இடையில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் இழை தானே நிமிரும். துவைக்கும்போது பொத்தானைப் பூட்டி, உட்புறம் வெளியே திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மூடி குழந்தை ஷாம்பு போட்டு, ஐந்து நிமிடம் ஊறவைத்து அமுக்கி அமுக்கி அலச வேண்டும். கசக்குவதும் முறுக்கிப் பிழிவதும் கூடாது. சூடான தண்ணீரும் உரசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, கார்டிகன் குழந்தை அளவுக்குச் சுருங்கிவிடும், திரும்ப விரியாது. பிறகு தடித்த துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் தன் ஈரப்பாரத்தில் தானே நீண்டு போகும். ஹேங்கரும் ஆகாது, மடித்துத்தான் வைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் எந்த நல்ல கேஷ்மியரும் கொஞ்சம் உருண்டை திரளும். தளர்ந்த இழைகள் உதிர்ந்ததும் அடங்கிவிடும். அதற்கென்று விற்கும் சீப்பால் மெல்ல வாரினால் போதும். விரலால் பிடுங்கினால் ஒவ்வொரு பிடுங்கலும் இன்னொரு உருண்டைக்கு விதை.

அந்துப்பூச்சி விஷயத்தில் பலரும் தவறான எதிரியைத் துரத்துகிறார்கள். பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை; அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் மயிரிலுள்ள கெரட்டினைத் தின்கிறது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் படிந்த இடம் அதற்கு விருந்து. ஆகவே பருவம் முடிந்து எடுத்துவைக்கும் முன் துவைப்பதே முதல் பாதுகாப்பு. அதன்பிறகு காற்றுப்புகாத பையில் இறுக மூடி வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பையோடு ஃபிரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். அந்துருண்டை வேலை செய்யும். ஆனால் அதன் வாசனை கேஷ்மியரை விட்டு எளிதில் போகாது, துணியின் மேலேயே போடுவதும் கூடாது. தமிழகக் கடலோர ஈரப்பதத்தில் பூச்சியோடு பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் வெளியே எடுத்து நிழலில் ஒரு நாள் காற்றாட விட வேண்டியிருக்கும்.

மலிவுக் கேஷ்மியர் ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கு இரண்டு திருப்பங்கள் காரணம். 1990-க்குப் பிறகு மங்கோலியாவில் பொதுவுடைமை ஆட்சி முடிந்து மந்தைகள் தனியார் கைக்கு வந்தன. கையில் காசு தரும் விலங்கு வெள்ளாடு என்பதால் மேய்ப்பர்கள் அதையே பெருக்கினார்கள். 1990-இல் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் 2019-இல் சுமார் 2 கோடியே 90 லட்சம் ஆயின. 2005 ஜனவரியில் உலக ஜவுளி வர்த்தகத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும், சீன ஆலைகளில் பின்னிய ஸ்வெட்டர்கள் மேற்கத்தியக் கடைகளில் கொட்டின. மென்மயிருக்கான விலையை மங்கோலியப் புல்வெளி கொடுத்தது. வெள்ளாடு புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், அதன் கூர்க்குளம்பு மேல்மண்ணை உடைக்கும். மேய்ச்சல் மெலிந்த நிலத்தில் ‘ஸுத்’ என்று அவர்கள் அழைக்கும் கொடும்பனிக்காலம் வந்தால் மந்தை மந்தையாகச் சாவு. 2009-10 குளிர்காலத்தில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. இரண்டு வருடத்தில் நைந்துபோகும் கார்டிகனை நான்கு முறை வாங்குபவர், எட்டு வருடம் உழைக்கும் ஒன்றை வாங்குபவரைவிட நான்கு மடங்கு ஆடுகளை அந்த நிலத்தில் மேய்க்கிறார்.

புதிதாகவே வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இத்தாலியின் பிராட்டோ நகரம் பழைய கம்பளி ஆடைகளைப் பிரித்து மீண்டும் நூலாக்குவதில் நூற்றாண்டுக்கு மேல் தேர்ந்தது. அங்கே மறுசுழற்சி செய்த கேஷ்மியரும் கிடைக்கிறது. கிழிக்கும்போது இழை துண்டாவதால் அதில் பெரும்பாலும் கம்பளியைக் கலப்பார்கள். மென்மை குறையும், விலையும் குறையும். அதைவிட நல்ல பேரம், பழைய கார்டிகனை அப்படியே வாங்குவது. பிரிட்டனின் அறக்கொடைக் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் இருபது, முப்பது ஆண்டு பழைய ஸ்காட்லாந்துக் கார்டிகன்கள் புதியதன் ஒரு சிறு பங்கு விலைக்கு வருகின்றன. அவற்றின் பின்னல் இன்றைய நடுத்தட்டைவிட நெருக்கமாக இருப்பதும் உண்டு; உருண்டை திரள வேண்டியதெல்லாம் எப்போதோ திரண்டு உதிர்ந்துவிட்டிருக்கும். வாங்குமுன் முழங்கையையும் அக்குளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்து தின்ற ஊசிமுனை ஓட்டைகள் இருந்தால் கூட்டமாகவே இருக்கும். ஓரிரண்டு என்றால் அதே நிற நூலில் இழையோட்டிச் சரிசெய்யலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல், முதலில் ஃபிரீசரில் வைத்துவிட வேண்டும்.